தொம்மை வாசலுக்கு வந்த கயிறு

ஓலைத்துறையில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுடைய அண்ணன் தம்பியின் கைகளைத்தான் பார்ப்பார்கள். நகை எவ்வளவு, படிப்பு எவ்வளவு என்பதெல்லாம் காப்பி குடித்து முடித்த பிறகு வருகிற பேச்சு. முதலில் அண்ணனைக் கூப்பிடுவார்கள், அவனும் கூச்சத்தோடு வந்து நின்று உள்ளங்கையை விரிப்பான், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருத்தர் அந்தக் கையை வாங்கித் தடவி, காய்ப்பு ஏறியிருக்கிறதா, மடக்கிய விரல் மடக்கியபடி நிற்கிறதா என்று பார்த்து, சரி என்று தலையாட்டினால்தான் பெண் வெளியே வருவாள். ஏனென்றால் அது சங்கு குளிக்கிற ஊர். ஆண்கள் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கிக் கடலின் அடிக்கு இறங்குவார்கள், அந்தக் கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் நின்று பிடிக்கிறவன் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனாகத்தான் இருக்க வேண்டும். சொந்த அண்ணன் தம்பி ஆகாது, அவன் பங்காளி, அவனுக்கு வீட்டுமனையில் ஒரு கண் இருக்கும். மச்சான் அப்படியில்லை. அவன் கயிற்றை விட்டால் தாலி அறுக்கப்போகிறவள் அவன் தங்கச்சி.

கல்யாணத்தன்று கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்ததும் மாப்பிள்ளை ஒரு புதுக் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு நுனியை மச்சான் கையில் கொடுப்பான். மச்சான் அதை ஒரு சுண்டு சுண்டுவான். சுண்டினால் 'நான் இருக்கேன்' என்று பொருள். நீளமாக இழுத்தால் 'தூக்கு' என்று பொருள். ஒருத்தன் சுண்டுவது மாதிரி இன்னொருத்தன் சுண்ட மாட்டான், இருட்டுத் தண்ணீருக்குள் இருக்கிறவனுக்கு அது குரல் மாதிரி, ஆயிரம் கைகளுக்கு நடுவிலும் தன் மச்சானின் சுண்டு அவனுக்குத் தெரிந்துவிடும். தெரியாத கை கயிற்றைத் தொட்டால் மேலே ஏதோ கேடு நடந்திருக்கிறது, யோசிக்காதே, இடுப்புக் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டுப் போய்விடு என்றுதான் பிள்ளைகளுக்குப் பழக்குவார்கள். ஆகவே ஒருத்தன் கயிற்றை இன்னொருத்தன் தொடுவது அந்த ஊரில் கனவில்கூட நடக்காத காரியம்.

அப்படித்தான் பிலவேந்திரனின் கயிறு கித்தேரியின் அண்ணன் தொம்மையின் கையில் இருந்தது. கல்யாணமாகிப் பல வருசம், பிள்ளை இல்லை, ஆனாலும் பிலவேந்திரன் கித்தேரியை ஒரு சொல் சொன்னதில்லை. தொம்மையைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னாலும் விடமாட்டான். "எம் மூச்சு முடியிற எடத்துல எங்க மச்சான் கை ஆரம்பிக்கும்வே" என்று டீக்கடையில் வைத்துச் சொல்லுவான், தொம்மைக்குக் காது சிவக்கும்.

மார்கழிப் பனி கடல்மேல் கிடந்த ஒரு காலையில் பிலவேந்திரன் இறங்கினான், தொம்மை கயிற்றைப் பிடித்திருந்தான். வள்ளத்தில் வேறு யாரும் இல்லை. பனிக்குள்ளிருந்து ஒரு கப்பலின் ஊதல் கேட்டது, பிறகு கறுப்பாக ஒரு சுவர் எழும்பி வருவது போலத் தொம்மைக்குத் தெரிந்தது. அவன் கயிற்றை இழுத்தான். அது பாறையில் மாட்டிக்கொண்டு வரவில்லை. கீழேயிருந்து நீளமாக ஓர் இழுப்பு வந்தது, தூக்கு என்று. மறுபடியும் தூக்கு என்று. ஊதல் இன்னும் பக்கத்தில் கேட்டது. தொம்மையின் கை, கித்தேரியைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் தடவிப் பார்த்துத் தலையாட்டிய அதே கை, கயிற்றை விட்டது. அவன் எஞ்சினை முடுக்கிக் கரையைப் பார்த்து ஓடினான். திரும்பிப் பார்த்தபோது கப்பல் வெகு தூரத்தில், ஒரு வீட்டுக்கும் கேடு நினைக்காத மாடு மாதிரி, தெற்கே பார்த்து மெல்லப் போய்க்கொண்டிருந்தது. உடனே வள்ளத்தைத் திருப்பினான். பனியில் எந்த இடம் என்று தெரியவில்லை. கத்தினான், சுற்றினான், அழுதான். கடலில் கயிறு கிடந்த தடம் கிடைக்குமா?

அழுகையோடு கரைக்கு வந்திருந்தால்கூட ஊர் அவனைத் தாங்கியிருக்கும் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஆனால் வள்ளம் மணலில் ஏறுவதற்குள் அவன் கண்ணைத் துடைத்துவிட்டான்.

"கெழக்கேருந்து ஒரு போட் வந்திச்சி," என்றான். "மாப்ள அவனா ஏறிப் போயிட்டான். அக்கரையில அவனுக்கு ஒருத்தி இருக்காளாம். எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்."

கித்தேரி மீன் அலசிக்கொண்டிருந்த கையோடு வந்து நின்றாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "அவிய அப்படிச் செய்யமாட்டாவண்ணே," என்று மட்டும் சொன்னாள். சத்தம்கூடப் போடவில்லை.

மறுநாள் விடிந்தபோது கயிறு வந்திருந்தது.

கடலிலிருந்து ஏறி, மணலைக் கடந்து, வலை காயப்போடும் மேட்டைக் கடந்து, சிந்தாத்திரை மாதாவின் சின்னக் கோயிலான குருசடியைச் சுற்றி, தெருவின் நடுவாக நேரே வந்து, தொம்மையின் வாசல்படியில் அது தன் நுனியை வைத்திருந்தது. ஈரமாக இருந்தது. பாசி பிடித்திருந்தது. விறைப்பாக இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை கடலுக்குள்ளிருந்து யாரோ நீளமாக இழுப்பதும், தெரு முழுக்க அது ஒரு விரற்கடை எழும்பி மறுபடியும் மண்ணில் படுவதுமாக இருந்தது.

ஊரே வந்து பார்த்தது. சங்கு குளிக்கிற ஊரில் அந்த இழுப்புக்கு என்ன பொருள் என்று பால்குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். கடைசியில் பல் தேய்த்துக்கொண்டு நின்ற ஒருத்தர் எச்சிலைத் துப்பிவிட்டு, "அவன் மூச்சு எப்பவுமே நீளம்தான்" என்றார். அதற்குமேல் எப்படி, என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கயிறு வந்திருக்கிறது, ஆள் கீழே இருக்கிறான், அவ்வளவுதான்.

தொம்மையின் பெண்டாட்டி ரெஜினா மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு, "ஏம்யா, இழும்" என்றாள்.

தொம்மை கயிற்றைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். "யாரு கயிறோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அன்று சாயங்காலமே கோயில் வளாகத்தில் ஊர்க் கமிட்டி கூடியது. தலைவர் கஸ்பார் பழைய ஆள், எதையும் மென்மையாகச் சொல்லத் தெரிந்தவர். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"நமக்கு எல்லாந் தெரியும். தெரியும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஒண்ணு யோசிச்சிப் பாருங்க. மச்சான் கயிற விட்டான்னு ஒரு சொல் இந்த ஊர்ல விழுந்திச்சின்னா, நாளைக்கு எவன்வே தண்ணிக்குள்ள இறங்குவான்? எவன் பொண்ணு கட்டுவான்? நம்ம பாட்டன் பூட்டன் காலத்துலருந்து விடாத கயிறு. விடல. அப்படித்தான் இருக்கணும். பிலவேந்திரன் அக்கரைக்குப் போயிட்டான்."

"அப்ப அந்தக் கயிறு?" என்றாள் கூட்டத்தின் ஓரத்திலிருந்து கித்தேரி.

"அது கடல்ல கிடக்கிற கயிறு, மக்கா. அலை இழுக்கு."

"அலை எங்க அண்ணன் வீட்டத் தேடியா வரும், கஸ்பார் மாமா?"

கஸ்பார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவருக்கும் ஒரு மகள் இருந்தாள், அவளுக்குத் தை மாசம் கல்யாணம், அவள் புருசனின் கயிற்றைப் பிடிக்கப்போகிறவன் கஸ்பாரின் ஒரே மகன். கூட்டம் கலைந்தது. ஒரு ஆளுக்காக ஊரின் நம்பிக்கையைக் கெடுத்துக்கொள்ள முடியுமா என்று பேசியபடியே எல்லாரும் அந்தக் கயிற்றைத் தாண்டி வீட்டுக்குப் போனார்கள்.

ஊர் எதற்கும் பழகும். முதல் வாரம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து பார்த்தார்கள், குருசடியில் சுண்டல்காரன் கடை போட்டான். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துவிட்டு, மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்று போனார். பிறகு பஞ்சாயத்தில் தெருவுக்குச் சிமெண்டுக் கல் பதித்தபோது கயிற்றின் மேலேயே பதித்தார்கள், ஒரே நாளில் கல்லெல்லாம் எழும்பிக்கொண்டது, சரி என்று கயிற்றுக்கு ஒரு சாண் இடம் விட்டுப் பதித்தார்கள். பைக்கில் வருகிறவர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்கப் பழகினார்கள். கோழிகள் பழகின. சேலையைத் தூக்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டுகிற பெண்கள், அது எழும்புகிற நேரமாக இருந்தால், "கொழுந்தனாரே, செத்தப் பொறும், கையில கொடம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தாண்டினார்கள். ஆண்கள் அதன் பக்கத்தில் குந்தி ஊர்ச்செய்தி சொன்னார்கள். "ஓய் பிலவேந்திரா, உம்ம எதுத்தவீட்டுக்காரனோட வள்ளத்தக் கடன்காரன் தூக்கிட்டுப் போயிட்டான், தெரியுமா" என்பார்கள். கயிறு எழும்பும். தூக்கு என்று. "கேக்குவே, கேக்கு" என்று சிரித்துவிட்டு எழுந்து போவார்கள்.

தெருவில் அது பிலவேந்திரன். கமிட்டியில் பிலவேந்திரன் அக்கரையில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தான். இரண்டையும் ஒரே வாயால் நம்புவதற்கு ஊருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

கித்தேரிதான் பழகவில்லை. காலையில் வேலையை முடித்துவிட்டு ஒரு பனைநார்ப் பெட்டியோடு வந்து அண்ணன் வாசலில் கயிற்றின் ஓரமாக உட்காருவாள். கயிற்றைத் தொடமாட்டாள். தொட்டால் தெரியாத கை என்று அவன் அறுத்துவிடுவானே என்கிற பயம் அவளுக்கு, அந்த ஊரில் பிறந்த பெண் அல்லவா. தொடாமல் அதன்மேல் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டிருப்பாள். அண்ணன் வெளியே வரும்போதெல்லாம் சொல்லுவாள்.

"இன்னைக்கு வெரசா இழுக்காவண்ணே."

அவன் காலைத் தூக்கிக் கயிற்றைத் தாண்டிப் போவான்.

"எண்ணே, நீ பொய் சொன்னன்னு நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீ ஒண்ணும் ஒத்துக்கிட வேண்டாம். இழுத்து மட்டும் குடுத்துரு. மேல வந்ததும், நான்தான் ஒரு கோவத்துல போனேன்னு அவியளையே சொல்லச் சொல்லிருதேன். சொல்லுவாவ. நான் சொன்னா சொல்லுவாவ."

தொம்மைக்கு அது உண்மை என்று தெரியும். மேலே வந்தால் பிலவேந்திரன் அவனைக் காட்டிக்கொடுக்கமாட்டான். அதுதான் அவனைக் குறுகவைத்தது. திட்டுகிறவனை மேலே தூக்கிவிடலாம், மன்னிக்கிறவனை எப்படித் தூக்குவது? "உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கு, கித்தேரி, வீட்டுக்குப் போ" என்பான். சோறு வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைக்கச் சொல்லி ரெஜினாவிடம் கொடுப்பான். கித்தேரி அதைச் சாப்பிடவும் செய்வாள். அண்ணன் வீட்டுச் சோறு என்று அவள் நினைத்தாளோ, புருசனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதாக நினைத்தாளோ, யார் கண்டது.

தொம்மை அதற்குப் பிறகு கடலில் இறங்கவே இல்லை. அவனுக்கும் மச்சான் உண்டு, ரெஜினாவின் தம்பி, தங்கமான பையன். ஒருநாள் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தவன், மறுமுனையைப் பிடித்திருந்த அந்தப் பையனின் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கயிற்றை அவிழ்த்துப் போட்டான். "என்னத்தான், காச்சலா?" என்று பையன் கேட்டான். விட்ட கைக்குத்தான் தெரியும் விடுவது எத்தனை சுலபம் என்று.

மற்றவர்கள் இறங்கினார்கள். ஆனால் அடியில் போன பிறகு, முன்பெல்லாம் சங்கைத் தேடுகிறவர்கள், இப்போது நிமிசத்துக்கு ஒருமுறை கயிற்றைச் சுண்டிப் பார்த்தார்கள், இருக்கியா என்று. மேலே இருக்கிறவன் சுண்டிச் சுண்டிக் கை வலித்து எரிச்சலானான். "என்னவே, பொண்டாட்டிய கூப்பிடுத மாதிரி கூப்பிடுத, சங்க எடுவே" என்று மேலே வந்ததும் சண்டை. பெண்டாட்டிமார் தங்கள் தம்பிகளுக்குப் பொரித்த மீனின் நடுத்துண்டை வைத்தார்கள், முன்னால் இல்லாத உபசாரம். பெண் பார்க்க வந்த இடத்தில் அண்ணனின் கையைத் தடவிப் பார்த்த பெரியவர் ஒருத்தர் சரி என்று தலையாட்டாமல் அந்தக் கையைப் பிடித்தபடியே அழுதுவிட்டாராம். கஸ்பாரின் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை கயிற்றைக் கொடுக்கும்போது யாரோ ஒரு கிழவி, "நல்லா முடிச்சுப் போட்டுக் கையில சேத்துக் கட்டுங்கய்யா" என்று சொல்லிவிட, சிரிக்க வேண்டிய இடத்தில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு சொல் விழுந்துவிடக்கூடாது என்றுதானே ஊர் வாயைப் பொத்தியது, பொத்திய வாயின் வழியாகவே அது எல்லா வீட்டுக்குள்ளும் போயிருந்தது.

பங்குனி பிறந்தபோது கயிற்றின் இழுப்பு தளர்ந்தது.

முதலில் கித்தேரிக்குத்தான் தெரிந்தது. "மைனி, இப்பல்லாம் கயிறு தெருவ விட்டு எழும்புறதில்ல, பாத்தீங்களா" என்றாள். ரெஜினா பார்க்காதது போலத் தண்ணீர் தெளித்தாள். பிறகு இடைவெளி நீண்டது. காலையில் ஒன்று, வெயில் ஏறினபின் ஒன்று. தூங்குகிற பிள்ளை கனவில் விரலை அசைப்பது மாதிரி ஒரு அசைவு. தாண்டுகிற பெண்கள் பொறும் என்று சொல்வதை நிறுத்தினார்கள், சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. தொம்மை ஒவ்வொரு ஞாயிறும் முழந்தாளில் நின்று அந்த இழுப்பு நின்றுபோக வேண்டும் என்று மன்றாடினான். ஊரும் மன்றாடியது, வாய்க்குள்ளேயே. நின்றுவிட்டால் கயிறு வெறும் கயிறாகிவிடும், சுருட்டி எறிந்துவிடலாம், பிறகு பிலவேந்திரன் நிம்மதியாக அக்கரையில் இருப்பான்.

கித்தேரி அப்போதுதான் முதல்முறையாக அண்ணன் காலில் விழுந்தாள். பகல் நேரம், தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"அவியளுக்குத் தெம்பு இல்லண்ணே. நேத்துலேருந்து இழுக்கணும்னு நினைக்காவ, முடியல. எனக்கு தெரியிது. எண்ணே, நான் வேற யார்கிட்ட போய்க் கேப்பேன்? எனக்கு உன் கை மட்டுந்தான இருக்கு?"

தொம்மை அவளைத் தூக்கி நிறுத்தினான். "அது அலைட்டி," என்றான். அவளைச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு, நடந்து, கடற்கரைக்குப் போய், கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டான்.

மறுநாள், ரெஜினா குப்பையைக் கொட்டிவிட்டு வாசலுக்குத் திரும்பியவள், கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினாள். இத்தனை மாசமாக அந்த இடத்தில் காலைத் தூக்கி ஒரு நொடி நின்று, அது எழும்பி அடங்குகிறதா என்று பார்த்துத் தாண்டுவது அவள் உடம்புக்குப் பழகியிருந்தது. தூக்கிய காலோடு நின்றாள். நின்றாள். முறத்தைக் கீழே போட்டாள்.

"ஏய்யா," என்று கத்தினாள். "ஏய்யா, இங்க வாரும். மாப்ள அசையல்ல."

தொம்மை உள்ளே முகம் வழித்துக்கொண்டிருந்தான். இதற்காகத்தான் மன்றாடினான், இதைத்தான் ஒவ்வொரு ஞாயிறும் கேட்டான், ஆனாலும் அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு பாய்ந்து வந்தான். யாரைப் பார்க்கவும் இல்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. வாசல்படியிலிருந்து அந்த நுனியை எடுத்தான். கல்யாணத்தன்று வாங்கியது போல இரண்டு கையாலும் எடுத்தான். சுண்டவேண்டும் என்பதைக்கூட மறந்து இழுத்தான்.

"சுண்டிட்டு இழுவே!" என்று கூட்டத்தில் யாரோ கூவினார்கள். "அறுத்துருவான்!"

அறுக்கவில்லை. கயிறு கனத்தது. ஓர் ஆளின் கனம். அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை, தொம்மையின் முதுகு வளைந்ததைப் பார்த்தே எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். கயிறு வரத் தொடங்கியது. அவன் இழுத்துக்கொண்டே தெருவில் நடந்தான், குருசடியைச் சுற்றினான், வலைமேட்டைக் கடந்தான், மணலில் இறங்கினான், பின்னால் ஊரே நடந்தது, கடைக்காரன் கடையைத் திறந்தபடி விட்டு வந்தான், கஸ்பார் செருப்பில்லாமல் வந்தார். அலை விளிம்பில் நின்று தொம்மை இழுத்தான். கையில் தோல் உரிந்து கயிறு சிவந்தது. இழுக்க இழுக்க அவன் வாய் தானாகப் பேசியது, கடலைப் பார்த்து, தாழ்ந்த குரலில், ஒருவனோடு மட்டும் பேசுகிற மாதிரி.

"விட்டுட்டேன், மாப்ள. கப்பல்னு நெனச்சேன். தூரமாத்தான்டே போச்சி. நான் விட்டுட்டேன். அக்கரையில பொம்பளன்னு சொன்னேன் மாப்ள. உன்னயப் போயி அப்படிச் சொன்னேன்."

பின்னால் நின்ற ஊர் முழுக்கக் கேட்டது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் எல்லாரும் கடலைப் பார்த்தார்கள்.

கித்தேரி முழங்கால் தண்ணீரில் நின்றாள். முடியை அள்ளி முடிந்திருந்தாள். "மெதுவாண்ணே, மெதுவா. வெரசாத் தூக்கினா அவியளுக்குக் காது வலிக்கும்" என்றாள். அவள் முகத்தில் இத்தனை மாசம் இல்லாத ஒன்று வந்திருந்தது, கல்யாண வீட்டில் அடுப்படியில் நிற்கிற பெண்ணின் அவசரம் மாதிரி ஒன்று. அலை உடைகிற இடத்துக்கு அப்பால் தண்ணீர் நிறம் மாறியது. அடியில் ஏதோ கறுப்பாக, கயிற்றோடு சேர்ந்து, கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

அப்போது அவள் திரும்பிச் சொன்னாள். "சுண்டுண்ணே. யார் கையோன்னு பயந்துகிட்டே வருவாவ. நீதான்னு தெரியட்டும், தைரியமா வருவாவ."

தொம்மை இழுப்பதை நிறுத்தினான். தங்கச்சியைப் பார்த்தான். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தது போல இருந்தது. ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

"சுண்டு" என்றாள் அவள் மறுபடியும், சிரித்தபடி.

அவன் சுண்டினான். ஒரே ஒரு தடவை, அவனுடைய சுண்டு, வேறு யாருடையதும் இல்லை. நான் இருக்கேன் என்று.

கயிறு விறைப்பாக அப்படியே நின்றது. கீழே இருந்தவன் கேட்டுவிட்டான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அலை ஒன்று வந்து போனது. இன்னொன்று வந்து போனது. அவன் யோசிக்கிறான் என்று தெரிந்தது. பிறகு, அறுத்தால் வருகிற துள்ளல் இல்லாமல், ஒருத்தன் பொறுமையாக விரலால் முடிச்சை அவிழ்த்துக் கையை எடுத்துக்கொள்கிற மாதிரி, கயிற்றிலிருந்து கனம் போனது.

தண்ணீர் நிறம் பழையபடி ஆயிற்று.

யார் கை என்று தெரியாதவரைக்கும் வந்தான். எந்தக் கைக்கும் வந்திருப்பான். இத்தனை மாசம் தெருவில் அந்தக் கயிற்றைத் தாண்டிப் போன எத்தனை கைகள். பெண்கள் தங்கள் கைகளைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டார்கள். கஸ்பார் மணலில் உட்கார்ந்துவிட்டார், அவர் மகன் அவரைத் தூக்க வந்தபோது அந்தக் கையைப் பிடிக்காமல் தானாகவே எழுந்தார்.

தொம்மை இழுப்பதை விடவில்லை. கனமில்லாத கயிறு, ஈரமாக, இலகுவாக வந்துகொண்டே இருந்தது. அவன் காலைச் சுற்றிக் குவிந்தது. கித்தேரி தண்ணீரிலிருந்து ஏறி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. சோப்பு நுரை அவன் பாதி முகத்தில் உப்போடு காய்ந்திருந்தது. அவள் தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள், சின்ன வயசில் அவன் அவளுக்குத் துடைத்துவிட்டது போலத்தான், வன்மம் எதுவும் இல்லாமல்.

"விடுண்ணே" என்றாள். "உனக்கு விடத் தெரியும்லா."

அவன் விடவில்லை. கூட்டம் ஒவ்வொருத்தராகக் கலைந்தது. கித்தேரி தெருவழியே, தாண்டுவதற்கு ஒன்றும் இல்லாத தெருவழியே, தன் வீட்டுக்கு நடந்தாள். அவன் இழுத்துக்கொண்டே இருந்தான், கயிறு வந்துகொண்டே இருந்தது, அதற்கு முடிவு இருக்கவில்லை.